விட்டுப்போன ஒரு சொல்

தீபாவளி முடிந்த மறுவாரமே ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. “சார், ஞாயித்துக்கிழமை கல்லறைத் தோட்டம் சுத்தம் பண்றோம். வந்துருவீங்கல்ல?”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். தீபாவளியோடு பட்டாசு ஆலைகள் மூடும். பூஜை போட்டு மறுபடி திறக்கிற வரைக்கும் சில நாள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள், அதை ஒட்டியே வரும். வருஷம் முழுக்க ஆள் கிடைக்காத ஊரில் அந்த ஒரு வாரம்தான் மண்வெட்டி பிடிக்க நாற்பது கை கிடைக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டி, எருக்கைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடிப்பார்கள். எனக்கு எழுபத்துநான்கு வயது. மண்வெட்டி தர மாட்டார்கள். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் நோட்டைக் கொடுத்து, “நீங்க பேரு எழுதுங்க சார்” என்பார்கள். நான் எழுதுவேன். அது எதற்காக என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது.

ஊர் சிவகாசிக்கு மேற்கே இருக்கிறது. பேரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரருக்கே சந்தேகம் வரும். என் மனைவி பிறந்த ஊர். சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த அறுபது, எழுபது குடும்பங்கள் இருக்கின்றன. ஊருக்கு வெளியே, ஓடைக்கரை ஓரமாக, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைந்த கரிசல் நிலம்தான் கல்லறைத் தோட்டம். ‘தோட்டம்’ என்பது பேரில்தான். நான்கு வேம்பும் இரண்டு பனையும் நிற்கின்றன.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. புதுச்சேரியில் பிறந்தேன். அப்பா பிரெஞ்சு அரசாங்கத்தில் ஒரு சிறிய வேலை பார்த்தவர். அதனால் என்னையும் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ் பேசுவோம். ஆனால் எழுதத் தெரியாது. பதினேழு வயது வரை தமிழ் எனக்குக் காதில் கேட்கிற மொழி மட்டும்தான்.

சின்ன வயதில் எனக்குத் தெரிந்த முதல் கல்லறை உப்பளத்துக் கல்லறைதான். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். பிரெஞ்சில் தூசேன் என்போம். அன்று சாயங்காலமே அம்மா சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்ததும் அதே நவம்பர் 1ஆம் தேதிதான். அதனால் எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு இரண்டு பேர் இருந்தன. அப்பாவுக்கு அது கொடி மாறிய நாள், அம்மாவுக்குப் பாட்டி கல்லறைக்குப் போகும் நாள்.

உப்பளத்தில் ஒவ்வொரு கல்லிலும் பேர், பிறந்த தேதி, இறந்த தேதி இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ஒரு சட்டம் போல. நெப்போலியன் காலத்தில், 1804இல், மயானத்துக்கென்றே ஒரு ஆணை போட்டார்கள். ஊருக்குள் புதைக்கக்கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே குறைந்தது 35 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனிக் குழி, ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் என்று அளவு வரைக்கும் அதில் உண்டு. இறந்தவர் பேர் எத்தா சிவில் என்ற பதிவேட்டில் ஏறும். கல் போட வசதி இல்லாதவனுக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. பிறந்தால் ஒரு வரி, இறந்தால் ஒரு வரி. உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘திக்தே’ என்று ஒரு பாடம் உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை விட்டால் சைபர். ஒரு சொல் விட்டுப்போனாலும் பிழைதான். எனக்கு அதில் நல்ல மார்க் வரும். காதில் விழுவதை, கண்ணில் படுவதை, அப்படியே தாளில் இறக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு அப்போதே வந்துவிட்டது.

அப்பா 1967இல் தவறிப்போனார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊரான விருதுநகருக்கு வந்தாள். மாமா வீடு. அங்கே பெரியவர்கள் பேச்சுவாக்கில் இன்னும் ‘விருதுபட்டி’ என்றுதான் சொல்வார்கள். 1923லேயே விருதுநகர் ஆகிவிட்ட ஊர். மாமா மகனின் பழைய பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு, பதினேழு வயதில் தமிழ் எழுத்துக் கற்றேன். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதினேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சையும் எழுதி, வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளர் ஆனேன். ஆபீஸ் தமிழ் எனக்குப் புரியாத தமிழ். ‘மேற்படி’, ‘பார்வையில் காணும் கடிதம்’, ‘தக்க மேல்நடவடிக்கைக்கு’ எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதியே பழகினேன். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். அதனால் பதிவேடுகளை நகல் எடுக்கும் வேலை எப்போதும் என் மேசைக்குத்தான் வரும்.

1977இல் கல்யாணம். நான் கத்தோலிக்கன், அவள் சி.எஸ்.ஐ. இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்து, பிறகு அடங்கிவிட்டது. முதல் முறை மாமனார் ஊருக்குப் போனபோது வந்த கல்லறைத் திருநாளில்தான் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கல்லே இல்லை. ஐந்தாறு சிமெண்ட் கல்லறைகள், அதில் இரண்டு சாய்ந்து கிடந்தன. மற்றதெல்லாம் மண்மேடு. சில மேட்டில் ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சிலவற்றில் வேப்பங்கட்டையில் சிலுவை. பாதி இடத்தில் மேடும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் ஜனங்கள் அந்த வெறுந்தரையில் நின்று மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். மழையில் அணைந்ததும் மறுபடி கொளுத்தினார்கள். “அத்தை, இது யாரு?” என்று மாமியாரைக் கேட்டேன். “எங்க ஆச்சி. அந்தா பனை இருக்குல்ல, அதுலருந்து ஏழு எட்டு வச்சா ஆச்சி” என்றார்கள். பக்கத்தில் நின்ற கிழவர் திருத்தினார்: “ஒம்பது எட்டு தாயி. ஏழுல எங்க சித்தப்பா படுத்துருக்காக.”

எனக்கு அது வினோதமாக இருந்தது. உப்பளத்தில் கல் சொல்வதை இங்கே பனைமரமும் கால் அடியும் சொல்கின்றன.

கல் ஏன் இல்லை என்று பிற்பாடுதான் புரிந்தது. ஒன்று, காசு. இன்னொன்று கரிசல் மண். அந்த மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் குடித்து ஊதிப் பொங்கும். மேலே எதைக் கட்டினாலும் இரண்டு மழைக்காலத்தில் சாய்த்துவிடும். அடியில் கரிசலை எடுத்துவிட்டுச் சரளை நிரப்பினால்தான் நிற்கும். அதற்கு வண்டிக்கூலி யார் கொடுப்பது? சித்திரையில் குழி வெட்டுகிறவனுக்கு அது மண் இல்லை, பாறை. கார்த்திகையில் வெட்டினால் குழியில் தண்ணீர் ஊறும். அந்த ஊர்க் குழிவெட்டுகிறவரிடம், எந்த மாதம் சாவது நல்லது என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டதும், “தை மாசம் சாவுங்க சாமி, புண்ணியமாப் போகும்” என்று அவர் சொன்னதும் ஊரில் ஒரு கதை.

இந்தச் சபை எப்படி வந்தது என்பதும் ஒரு கல்லறையோடு சம்பந்தப்பட்டதுதான். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உண்டாகும் வரை சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். அதனால் சி.எம்.எஸ். மிஷனரிகள் இந்தப் பகுதியை ‘வட திருநெல்வேலி’ என்றார்கள். 1854இல் மூன்று பேர் இங்கே கூடாரத்தோடு வந்தார்கள். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட், டேவிட் ஃபென், மெடோஸ். ராக்லண்ட் ஜிப்ரால்டரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணக்கு படித்துக் கல்லூரி ஃபெலோவாக இருந்தவர். அந்த உத்தியோகத்தையும் பிறகு சென்னையில் இருந்த காரியதரிசி வேலையையும் விட்டுவிட்டு, இந்தக் கரிசல் காட்டில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கினார். பங்களா கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். தெற்கே இருந்த பழைய திருநெல்வேலிச் சபைகள் உபதேசியார்களை முறை வைத்து இவர்களுக்கு உதவியாக அனுப்பின. ராக்லண்டுக்கு நெஞ்சில் நோய். 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இறந்தார். வயது நாற்பத்து மூன்று. சிவகாசியிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவரைப் பற்றி டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த அம்மையார் 1951இல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். டோனாவூரில் அவர் படுத்திருக்கும் இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டிதான் இருக்கிறது. அது அவராக வேண்டிக்கொண்டது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அப்படி வேண்டிக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கல் வாய்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

கல் உள்ளவர்களுக்குப் புத்தகமும் வந்தது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, சென்னை மாகாணத்தில் இருந்த வெள்ளைக்காரர்களின் கல்லறை எழுத்துக்களை ஊர் ஊராகத் திரட்டி அச்சுப் போட்டார். நம்மவர்களுக்கு அப்படி யாரும் திரட்டவில்லை. எங்கள் ஊருக்கு இருந்தது சபையின் அடக்கப் பதிவேடு ஒன்றுதான். பேர், வயது, தகப்பன் பேர், தேதி, அடக்கம் செய்த ஐயர் பேர். எந்த இடம் என்பதற்குக் கலம் கிடையாது. அது பனைமரத்திடமும் கிழவர்களிடமும் இருந்தது.

மாமியார் 1981இல் இறந்தார்கள். சித்திரை மாதம். குழி வெட்ட ஒரு பகல் முழுக்க ஆயிற்று. மாமனார், வேப்பங்கன்றிலிருந்து பன்னிரண்டு எட்டு என்று எனக்கும் மச்சினனுக்கும் காட்டி வைத்தார். நானும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1979இல் தமிழ்நாடு முழுக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் ஆரம்பித்தது. யு.டி.ஆர். என்பார்கள். ஏக்கர், செண்டை ஹெக்டேர், ஏர் ஆக்க வேண்டும், பட்டாதாரர் பேரைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு கிராமத்துக்கும் புது அ-பதிவேடு எழுத வேண்டும். அ-பதிவேடு என்றால் கிராமத்தின் ஜாதகம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு வரி. பழைய எண், புஞ்சையா நஞ்சையா, விஸ்தீரணம், தீர்வை, யார் பேரில் பட்டா, கடைசியில் குறிப்புக்கலம். புறம்போக்காக இருந்தால் அது ஓடையா, பாதையா, மந்தையா, மயானமா என்று அங்கேதான் இருக்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மயானமே மூன்று நான்கு எண்ணில் வரும், இந்தச் சமுதாயத்துக்கு ஒன்று, அந்தச் சமுதாயத்துக்கு ஒன்று என்று. செத்த பிறகும் தனித்தனிதான்.

1984இல் என்னை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை. நான்கு பேர் உட்கார்ந்து காலையிலிருந்து இரவு விளக்கு வைத்த பிறகும் எழுதுவோம். பழைய பதிவேட்டின் ஓரங்கள் கறையான் அரித்தவை, மசி மங்கியவை. கெடு வைத்து விரட்டினார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. எழுதி முடித்த பக்கத்தின் கீழே ‘ஒப்புநோக்கப்பட்டது’ என்று போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் எழுதினவனே தன் கண்ணால் ஒரு ஓட்டம் விட்டு ஒப்பம் போட்டுவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த மாதத்தில் மாமனார் ஊரின் பதிவேடும் என் கை வழியாகப் போனது. ஊர் பேரைப் பார்த்து ஒரு சந்தோஷம்கூட வந்தது ஞாபகம். ஆனால் புல எண்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எண் எண்ணாகத்தான் இருந்தது.

பதினான்கு வருஷம் கழித்து, 1998இல், ஒரு காலை நேரம் மச்சினன் ஆபீசுக்கே வந்துவிட்டான். கூட ஐந்தாறு பேர், அதில் மூன்று பெண்கள். “அத்தான், கல்லறைத் தோட்டத்துல வேலி போட்டுட்டாக” என்றான்.

பக்கத்துப் புஞ்சையை வாங்கிய ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் கிழக்குப் பாதியைச் சேர்த்துக் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டாசு ஆலைக்கு ஊரை விட்டுத் தள்ளி நிலம் வேண்டும். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் இடைவெளி வேண்டும். அதனால் ஒரு காலத்தில் ஆடு மேயாத கரிசலுக்கெல்லாம் விலை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கேட்டதற்கு அவர், “இங்க எங்க கல்லறை இருக்கு? காட்டுங்க. கவர்மெண்ட் கணக்குல தரிசுன்னு இருக்கு. நான் ஒப்படைக்கு எழுதிப் போட்டிருக்கேன்” என்றாராம்.

அந்தக் கிழக்குப் பாதியில்தான் சமீபத்துக் குழிகள் இருந்தன. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டாசு விபத்தில் இறந்துபோன நான்கு பேர், அதில் இரண்டு பேர் கல்யாணமாகாத பெண் பிள்ளைகள், அங்கே வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கும் கல் இல்லை. சிவகாசியில் அச்சடித்த ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டரில் அவர்கள் பேரும் போட்டோவும் இருந்தது. ஒரு மழையில் அது போய்விட்டது. என் முன்னால் நின்ற மூன்று பெண்களில் இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளின் தாய்மார். ஒருவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டு, “தரிசுன்னா என்ன சார் அர்த்தம்?” என்று கேட்டார்.

தரிசு என்றால் யாரும் எதுவும் வைக்காத நிலம். அதை எப்படி அவரிடம் சொல்வது? “பார்க்கிறேன்மா” என்றேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் காலியான பிறகு அந்தப் பதிவேட்டை எடுத்தேன். புல எண், விஸ்தீரணம் 0.35.5 ஹெக்டேர், புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு. குறிப்புக்கலம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேல் வரியில் இருந்த புல எண்ணும் தீர்வை ஏற்பட்ட தரிசுதான். மேல் வரியில் இருந்ததைக் கீழ் வரியிலும் எழுதிவிட்டு, குறிப்புக்கலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது கை. பக்கத்தின் கீழே ‘ஒப்புநோக்கப்பட்டது’. அதன் கீழே என் சுருக்கொப்பம்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வாட்ச்மேன் வந்து, “சார், பூட்டணும்” என்றார். திக்தேயில் ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு பிழை, நான்கு மார்க் போகும். இங்கே ஒரு சொல் விட்டுப்போனதில் நூற்றுச் சொச்சம் வருஷத்துச் சனங்கள் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877 வாக்கில், குழி வெட்டத் தெம்புள்ள ஆள் இல்லாமல் ஒரே குழியில் இரண்டு மூன்று பேராகப் புதைத்தார்கள் என்று மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் போனார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் போனார்கள். என் மாமியார், வேப்பமரத்திலிருந்து பன்னிரண்டு எட்டில் படுத்திருந்தவர்கள், அவர்களும் போனார்கள். அவர்கள் இறந்து மூன்றே வருஷத்தில் அவர்கள் மேல் ‘தரிசு’ என்று எழுதியவன் நான்.

அடுத்த நாளிலிருந்து வேலையில் இறங்கினேன். செய்தது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. எந்த கிளார்க்குக்கும் தெரிந்த வழிதான். ஊர்க்காரர்களை முறையாக மனு கொடுக்கச் சொன்னேன். மாவட்டப் பதிவறையில் வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடினேன். மூன்று நாள் ஆயிற்று. பழைய எண்ணுக்கு நேரே, சாய்ந்த இங்கிலீஷ் எழுத்தில், ‘கிறிஸ்டியன் பரியல் கிரவுண்ட்’ என்று இருந்தது. அதற்குச் சான்றொப்பமிட்ட நகல் வாங்க வைத்தேன். ஐயரிடம் சொல்லி அடக்கப் பதிவேட்டிலிருந்து கடைசி ஐம்பது வருஷத்துப் பேர்களை நகல் எடுத்தோம். கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் வந்து அளந்தார்கள். விசாரணை அன்று கிழவர்களும் கிழவிகளும் வந்து, எட்டு வைத்து எட்டு வைத்து, இது யார், அது யார் என்று காட்டினார்கள். வேலி போட்டவரும் நின்று பார்த்தார். அந்தத் தாய் தன் மகள் தலைமாட்டில் போய் நின்றதும் அவர் தலை குனிந்தார். அவர் பேரிலும் முழுத் தப்புச் சொல்ல முடியாது. கணக்கில் இருந்ததைத்தான் அவர் நம்பினார்.

கோப்பு மேலே போய்த் திரும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. 2000ஆம் வருஷம் திருத்த உத்தரவு வந்தது. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ அடிக்கப்பட்டு, ‘புறம்போக்கு – கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டம்’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். ஊரில் என்னைக் கொண்டாடினார்கள். ஆலயத்தில் பேர் சொல்லி நன்றி செலுத்தினார்கள். துண்டு போர்த்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கோப்பில் யாரும் அந்தச் சுருக்கொப்பம் யாருடையது என்று கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான யு.டி.ஆர். பிழைகளில் அதுவும் ஒன்று என்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்து உத்தரவு நகலை மனைவியிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, “ஏங்க, முதல்ல தரிசுன்னு எழுதுனது யாரு?” என்று கேட்டாள். “யாரோ ஒரு கிளார்க்” என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விட்டாள். அவளுக்கு என் சுருக்கொப்பம் நன்றாகத் தெரியும். பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் எல்லாம் அதைத்தான் போடுவேன். ஆனால் அவள் அந்தப் பதிவேட்டைப் பார்த்ததில்லை. தெரிந்துதான் கேட்டாளா, சும்மா கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த பதினைந்து வருஷத்தில் அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அவள் 2015இல் தை மாதம் போனாள். குழிவெட்டுகிறவருக்குச் சிரமம் வைக்காத மாதம். அத்தை பக்கத்திலேயே இடம் பார்த்தோம். அடியில் சரளை போட்டுத்தான் கல் வைத்தேன். இதுவரை சாயவில்லை.

அதற்கு அடுத்த கல்லறைத் திருநாளில்தான் நோட்டு ஆரம்பித்தது. சபைப் பையன்களில் ஒருவன் சிவில் என்ஜினியர். அவன் டேப் பிடித்து அளப்பான், நான் எழுதுவேன். வேப்பமரம் ஒன்று, பனை இரண்டு, எல்லைக்கல் நான்கு, இவற்றிலிருந்து இத்தனை மீட்டர், இன்னார், இன்ன வருஷம். பெரியவர்களைச் சக்கர நாற்காலியிலாவது கூட்டிக்கொண்டு வந்து கேட்போம். போன வருஷம் வரை இருநூற்றுப் பதினெட்டுப் பேர் எழுதியாகிவிட்டது. பஞ்சத்தில் போனவர்களுக்குப் பேர் தெரியாது. ஓடைப் பக்கத்து மூலையில் ‘தாது வருஷத்தார்’ என்று ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கிறார். அந்த விதியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மதமானாலும், எந்தச் சமுதாயமானாலும், உங்கள் ஊர் மயானத்தின் புல எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அரசு இணையதளத்திலேயே அ-பதிவேட்டு விவரம் பார்க்கலாம். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. வகைப்பாட்டில் மயானம் என்று இருக்கிறதா, தரிசு என்று இருக்கிறதா பாருங்கள். தரிசு என்றிருந்தால், வேலி வருவதற்கு முன்னாலேயே மனு கொடுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலும், அடக்கம் அல்லது தகனம் செய்த பேர்களின் பட்டியலும் கையில் இருந்தால் போதும். 1999ஆம் வருஷத்துக் கிராம ஊராட்சி விதிகளின்படி, புதிதாக மயானம் அமைக்க வேண்டுமானால் குடியிருப்பிலிருந்து 90 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். வீடுகள் பெருகிவிட்ட ஊரில் அப்படி ஒரு இடம் கிடைப்பது லேசில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். அந்தத் தாய்மாரில் ஒருவர் இன்னும் இருக்கிறார், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மகள் தலைமாட்டுக் கல்லுக்குத் தன் கையால் சுண்ணாம்பு அடித்துவிட்டு, என் நாற்காலி பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். “நீங்க இல்லேன்னா அன்னைக்கி எம்புள்ள இடம் போயிருக்கும் சார்” என்றார், வருஷா வருஷம் சொல்வது போலவே.

இந்த முறை சொல்லிவிட்டேன். தரிசு என்று முதலில் எழுதியது நான்தான் என்று. அவர் புரியாமல் பார்த்தார். மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு நோட்டைக் காட்டி, “அதுல எம்புள்ள பேரு சரியா இருக்கா, வாசிங்க” என்றார்.

வாசித்தேன். பேர், தகப்பன் பேர், வயது பத்தொன்பது, கிழக்கு எல்லைக்கல்லிலிருந்து ஆறு மீட்டர் நாற்பது. “சரியா இருக்கு” என்று எழுந்து போனார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன்.